புக்கொளியூரில் ஒன்றுகூடும் குரல்கள்

கோவையிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், சேலம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது அவிநாசி. தேவாரத்தில் இவ்வூரின் பெயர் திருப்புக்கொளியூர். காசிக்கு நிகராகக் கொங்கு மக்கள் போற்றும் தலம் இது. திருமுறை முற்றோதல் நடைபெறும் நாட்களில் பொழுது புலருமுன்பே பேருந்துகளிலிருந்து சிறு சிறு கூட்டமாக அடியார்கள் வந்து இறங்குவதைக் காணலாம். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம், தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் பெரிய எழுத்தில் அச்சிட்ட பதிகப் புத்தகம், ஒரு ஜோடி கைத்தாளம், மூக்குக்கண்ணாடி, வேளைக்குரிய மாத்திரைகள். வருபவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களிலும் பெண்களே மிகுதி.

கோயிலுக்கு முன்னே உயர்ந்து நிற்கும் தீபத்தம்பத்தின் அடியில், முதலை வாயிலிருந்து பிள்ளை வெளிப்படும் காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகே சுந்தரமூர்த்தி நாயனார். புதிதாக வருபவர்கள் இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி இதைக் கடந்து போய்விடுகிறார்கள். பாடும் குழுவினர் மட்டும் அவ்விடத்தில் சற்று நின்று கைகூப்பிய பின்னரே உள்ளே நுழைகிறார்கள். அவர்கள் அன்று பாடவிருக்கும் பதிகம் பிறந்த கதை அந்தக் கல்லில்தான் இருக்கிறது.

சேக்கிழார் பெருமான் இந்நிகழ்ச்சியை மிக நுட்பமாகச் சொல்லியிருக்கிறார். சேரமான் பெருமாளைக் காணப் புறப்பட்ட சுந்தரர் இவ்வூர் வீதி வழியே வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்பொரு நாள் ஒன்றாக நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று உபநயனம் என்று அறிகிறார். அப்போது பிள்ளையை இழந்த தாயும் தந்தையும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மலர்ந்த முகத்துடன் வந்து நாயனாரை வணங்குகிறார்கள். மகனைப் பற்றிக் கேட்டால், அது முன்பு நிகழ்ந்தது. தாங்கள் எழுந்தருளும் பேற்றை அல்லவா எண்ணியிருந்தோம் என்கிறார்கள். இந்த அன்பு சுந்தரரை உலுக்கிவிடுகிறது. பிள்ளையை மீட்டுத் தந்த பின்பே இறைவன் திருவடியைப் பணிவது என்று உறுதி கொண்டு குளக்கரைக்குச் செல்கிறார். பதிகத்தின் நான்காம் பாட்டு முடியுமுன்னே முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து உமிழ்கிறது. இத்தனை ஆண்டுகளில் வளர்ந்திருக்க வேண்டிய வளர்ச்சியோடு பிள்ளை வந்தான் என்பது அக்கதையின் தனிச்சிறப்பு.

இப்பதிகம் ஏழாம் திருமுறையில் குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. இன்று அரிகாம்போதி இராகத்தில் பாடப்படுகிறது. முதல் மூன்று பாடல்களைக் கூட்டம் சீராகவே பாடிச் செல்லும். நான்காம் பாட்டில் ஏதோ நேர்கிறது. யாரும் சொல்லாமலே குரல் உயர்கிறது. தாளம் சற்றே முந்துகிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சில தாய்மார்கள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டுக் கண்மூடிப் பாடுகிறார்கள். கொங்கு நாட்டில் இன்று பிள்ளைகள் கடல் கடந்து வாழாத வீடுகள் குறைவு. அவர்களை எந்த முதலையும் விழுங்கவில்லை, நலமாகவே இருக்கிறார்கள், வாரம் தவறாமல் கைப்பேசித் திரையில் முகம் காட்டுகிறார்கள். ஆயினும் எதிர்வீட்டு மங்கல ஒலியை இவ்வீட்டில் அமர்ந்து கேட்பது எத்தகையது என்று அந்தத் தாய்மார்களுக்கு ஒருவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தனியே பாடினால் தொண்டை அடைத்துக்கொள்ளும் அவ்விடத்தைக் கூட்டமாகப் பாடும்போது கடந்துவிட முடிகிறது. ஒருவர் குரல் நின்றால் பக்கத்தில் இருப்பவர் குரல் அதை ஏந்திக்கொள்கிறது. மேலைநாட்டுத் தேவாலயங்களில் பாடகர் குழுவை மேற்குரல், கீழ்க்குரல் எனப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு சுரங்களைத் தந்து இசைவிப்பார்கள். அதன் அழகு வேறு. நம் வழக்கில் நூறு பேரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள்.

இது நேற்று வந்த வழக்கமும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும், ஆக 50 பேரை இராஜராஜ சோழன் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேர்ந்து பாடுவோருக்கு நெல்லளந்து வைத்திருக்கிறார்கள். கொங்கு நாட்டிலோ அதற்கும் முந்திய நினைவு ஒன்று உண்டு. திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது உடன் வந்த அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் பற்றியது. அப்போது அவர் பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். ஒருவர் நோய்க்காக அன்று, ஒரு கூட்டத்தின் நோய்க்காகப் பிறந்த பாட்டு அது. இன்றும் வீட்டில் காய்ச்சல் கண்டால் அதை ஓதுகிற முதியோர் உண்டு. மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்த பிறகுதான் ஓதுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

திருவாசக முற்றோதல் என்றால் ஒரு முழு நாள் வேண்டும். சிவபுராணம் தொடங்கி அச்சோப்பதிகம் வரை 51 பகுதிகள். ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். திருப்பொற்சுண்ணம் வரும்போது உரலும் உலக்கையும் கொண்டுவந்து பெண்கள் மஞ்சள் இடிப்பதும், திருப்பொன்னூசலின்போது ஊஞ்சலை ஆட்டுவதும் உண்டு. முழங்கால் மடக்கி அமர முடியாதவர்களுக்கு ஓரமாக நாற்காலிகள். மதிய அன்னம்பாலிப்புக்குப் பின் வரும் ஒரு மணி நேரம்தான் சோதனைக் காலம். தலைகள் லேசாகச் சாயும். அனுபவமுள்ள தலைமைப் பாடகர் அந்நேரத்தில் தாளத்தைக் கொஞ்சம் விரைவுபடுத்தித் தூக்கத்தைக் கலைத்துவிடுவார்.

கொங்கு மண்ணுக்கு இந்த முறை எளிதில் கைவந்ததில் வியப்பில்லை. வள்ளி கும்மியில் ஆசிரியர் பாட, சுற்றி ஆடுவோர் வாங்கிப் பாடுவதும் இப்படித்தான். முருகன் வள்ளியை மணந்த கதையை விடிய விடியப் பாடிய கிராமங்கள் இவை. மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த கும்மி ஆசிரியர் பத்திரப்பன், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்தவர். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அடியெடுத்துக் கொடுத்தால் வாங்கிப் பாடும் பழக்கம் வயற்காட்டிலிருந்து அப்படியே கோயில் மண்டபத்துக்கு வந்திருக்கிறது.

ஆனால் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட்டமாகப் பாட வசதியான நாலைந்து மெட்டுகளே பல குழுக்களில் புழங்குகின்றன. பழம்பஞ்சுரமும் வியாழக்குறிஞ்சியும் கொல்லியும் அந்த மெட்டுகளுக்குள் கரைந்து போகின்றன. ஓதுவாமூர்த்திகள் குருவின் முன்னமர்ந்து ஆண்டுக்கணக்கில் பயின்ற பண் முறை, ஓசை குறைந்த ஒரு வேளையில், சன்னிதியில் நாலு பேர் முன்னிலையில் ஒலிக்கிறது. வெளி மண்டபத்திலோ ஒலிபெருக்கி வைத்து நூறு பேர் பாடுகிறார்கள். சொல் காப்பாற்றப்படுகிறது; பண் நழுவுகிறது. பண் தெரியாதவர் பாடக்கூடாது என்று சொல்வது பெரும்பிழை. அப்படிச் சொல்லியிருந்தால் இந்த மண்டபமே காலியாக இருந்திருக்கும். எனினும் முற்றோதல் நடுவே ஒரு பதிகத்தையேனும் ஓதுவாரிடம் விட்டுவிட்டு மற்றவர் மௌனமாகக் கேட்பது நல்லது. அவ்வாறு செய்யும் இடங்களில், ஓதுவார் முடித்ததும் மண்டபத்தில் நிலவும் அமைதியே வேறாக இருக்கிறது.

மாலையில் அவிநாசியப்பரையும், சுவாமிக்கு வலப்புறம் தனிச்சன்னிதி கொண்ட கருணாம்பிகை அம்மனையும் தொழுதுவிட்டுப் பலர் நேரே வீடு திரும்புவதில்லை. திருப்பூர் சாலையில் ஐந்து கிலோமீட்டர் சென்றால் திருமுருகன்பூண்டி. சேரமான் தந்த பொற்குவியலோடு திரும்பிய சுந்தரரை, இறைவன் தம் பூதகணங்களை வேடர் வடிவில் அனுப்பி வழிப்பறி செய்வித்த தலம். பறிகொடுத்த நாயனார் நேரே கோயிலுக்குள் சென்று, கள்வர் திரியும் இவ்விடத்தில் நீர் ஏன் இருக்கிறீர் என்று தோழமை உரிமையோடு இறைவனையே ஏசிப் பாடினார். பொன் திரும்ப வந்தது. பகலெல்லாம் உருகிப் பாடியவர்கள் இங்கே வரும்போது முகத்தில் குறும்பு கூடிவிடுகிறது. இறைவனைத் திட்டுவதற்குக் கூட்டுக்குரல் எவ்வளவு துணை என்பதை அந்தப் பத்துப் பாடல்களில் கேட்கலாம். களைத்த தொண்டைகள்தாம், ஆனாலும் ஒருவரும் குரலைத் தணிப்பதில்லை.

கோவையிலிருந்து வந்த குழு ஒன்று, சன்னிதிக்கு வெளியே திண்ணையில் அமர்ந்து அடுத்த வாரத்தைத் திட்டமிடுகிறது. பூண்டிப் பதிகத்தைப் பழம்பஞ்சுரத்திலேயே சொல்லித் தர ஓர் ஓதுவார் இசைந்திருக்கிறார். சங்கராபரணம்தானே, சினிமாப் பாட்டில் கேட்டதுதான் என்று ஒரு பெரியவர் தைரியம் சொல்கிறார். வகுப்பு மட்டும், இரவுப் பேருந்துக்கு அஞ்சுகிறவர்களின் பொருட்டு, ஆறு மணியிலிருந்து நான்கரைக்கு மாற்றப்பட்டிருக்கிறது.