நான்கு மணி நேரமும் ராகுகாலமும்

கோலாலம்பூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். விமானத்துக்கு நான்கு மணி நேரம். ஆனால் காலை 9:30க்குப் புறப்படும் விமானம் அங்கே 11 மணிக்கு இறங்கும் என்று சீட்டில் அச்சிட்டிருக்கும். இதைக் கண்டு, “ஒன்றரை மணி நேரந்தானே, கிராணி ஐயா?” என்று கோலா பிலாவில் எங்கள் தோட்டத்தார் கேட்பதுண்டு.

சூட்சுமம் கடிகாரத்தில் இருக்கிறது. இவ்விரு ஊர்களுக்கும் தீர்க்கரேகையில் 23 பாகை வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், அங்கே நண்பகல் ஒன்றரை மணி நேரம் பிந்தி வரும். கடிகாரங்களோ இரண்டரை மணி நேரம் வேறுபடுகின்றன! 1982 ஜனவரி முதல் தேதியன்று, சபா, சரவாக் மாநிலங்களோடு நேரத்தை ஒன்றாக்கும் பொருட்டு, தீபகற்பத்தின் கடிகாரங்களை அரசாங்கம் அரைமணி முன்னே தள்ளி வைத்தது. அதற்கு முன் வேறுபாடு இரண்டு மணியே. அன்று ராகுவும் அரைமணி நகர்ந்து கொடுத்தானா என்பதைப் பஞ்சாங்கம் பார்ப்போர்தாம் சொல்லல் வேண்டும்.

வேடிக்கைக்காக இதை எழுதவில்லை. 1969ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் பிரஜாவுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். பிரஜாவுரிமை பெறாத கணவரோடு என் அத்தையும் ‘ராஜுலா’ கப்பலில் நாகப்பட்டினம் போய், முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தில் குடியேறினார். தந்தையாருக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவரே.

அத்தைக்கு மூச்சு முட்டுகிறதென்று ஒரு வியாழன் மாலை செய்தி வந்தது. வீசா முன்னமே எடுத்து வைத்திருந்தோம். வெள்ளி காலை விமானத்தில் இடமும் இருந்தது. புக்கிட் புத்துஸ் மலை தாண்டி, சிரம்பான் வழியே சிப்பாங் விமான நிலையம் சேர இரண்டு மணி நேரம் போதும். தந்தையார் நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. புறப்பாடு ஒன்பதரைக்கு, தப்பினோம் என்றிருந்தேன். பிறகு, இறங்கும் நேரம் பதினொன்று என்பதைக் கண்டார்.

“நோயாளியைப் பார்க்கப் போகிறோம். ராகுகாலத்தில் அந்த மண்ணில் கால் வைக்கலாமா, தம்பி?”

“அப்போது இங்கே மணி ஒன்றரை அப்பா!” என்றேன்.

“அங்கே பதினொன்றுதானே?” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? பூமி உருண்டை என்பதையும், விமானத்தில் இருப்பவன் மேலே எந்த ஊர்க் கடிகாரம் ஆட்சி செய்கிறது என்பதையும் விளக்கினேன். படித்த பிள்ளை பேசுகிறான் என்று கேட்டுக்கொண்டாரே அன்றி, பெட்டியைத் தொடவில்லை.

சனிக்கிழமை மாலை விமானத்தில் போனார். அத்தை வெள்ளி இரவே இறந்துவிட்டார். அண்ணனோ தம்பியோ வரும்வரை காத்திருப்பதே அவ்வூர் வழக்கம். ஆயினும் சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது மணிக்கே தொடங்கிவிடுமாம், அதற்குள் எடுத்துவிட்டனர். பிறந்த வீட்டுக் கோடியாகத் தந்தையார் சிரம்பானில் வாங்கிச் சென்ற சேலை பெட்டியிலேயே திரும்பி வந்தது.