பனியில் ஒரு வெள்ளைக் கொக்கு

நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவே இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம். பனிமலைக்கு நாம் எங்கே போவது? மார்கழி விடியலில் இங்கே பெண்ணையாற்றங்கரைக்கு வாருங்கள். மணல், கரும்புத் தோட்டம் எல்லாமே மூடுபனியில் வெள்ளை. நடுவே வெள்ளைக் கொக்கு!

இதைப் படம் பிடிப்பது லேசில்லை. எங்கும் வெள்ளையாக இருந்தால், காமிரா வெளிச்சம் அதிகமென்று தானே குறைத்துவிடும்; கொக்கு சாம்பல் பூசினாற்போல் விழும். இமயமலைப் பனியிலும் இதே கதைதான். ஆகவே வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். செல்போனானால் கொக்கின் மேல் விரலால் தொட்டு, சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். ரொம்பவும் கூட்டினால் இறகு தெரியாது, வெறும் சுண்ணாம்புதான்!

சின்ன வெள்ளைக் கொக்காகப் பாருங்கள். அதன் கறுப்பு அலகு வெள்ளையில் எடுப்பாகத் தெரியும். கிட்டே போகாதீர்கள், அது இரை தேடுகிற நேரம்.

பனி விலகி, இளவெயில் சாய்வாக விழும்போது இறகுக்கடியில் லேசான நீல நிழல் தெரியும். அப்போது எடுங்கள். முழங்கால் வலியால் ஆற்றுக்கு வர முடியாத என் மாமியாரிடம் அப்படி ஒரு படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெள்ளைப் புடவைக்கு நீலம் போட்டாப்பல இருக்கேம்மா!" என்றார். இதைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்?