புதுப் பெட்டிக்கு ஆசைப்பட்டேன்

தங்கச்சிக்குக் கெம்பஸ் கிடைத்தபோது லெப்டொப் வாங்கிக் கொடுத்தவன் நான். அது ஓடவில்லை. வீட்டில் எல்லோரும் மெஷினைத் திட்டினார்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். பிழை என்னுடையது என்பதை இப்போதுதான் வாய்திறந்து சொல்கிறேன்.

எல்லயில் ஒரு விடுதியில் எனக்கு வேலை. கணினியில் முன்பதிவு பார்ப்பேன், வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வைஃபை போட்டுக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் கம்பியூட்டர் தெரிந்த பையன். அந்தப் பெயரை விட மனமில்லாமல், லெப்டொப் பற்றி எனக்குத் தெரியாது என்று அம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

காசு அம்மாவுடையது. அது 2023. தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த ஆயிரம், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் போன பிறகும் அதே ஆயிரமாகத்தான் இருந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். லெப்டொப்போ லட்சத்துக்கு மேல், அதாவது நூறு முழுப் பேருக்கும் மேல். காப்பை அடகு வைத்து, சீட்டுக் காசையும் சேர்த்து அம்மா என்னிடம் தந்தார்.

கடையில் ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு இருந்தன. ஒன்று பாவித்த டெல் லாட்டிட்யூட். எட்டாம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வெளிநாட்டு அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் பாவித்துவிட்டுக் கழிக்கும் வகை. முன்பு வைத்திருந்தவரின் உள்ளங்கை பட்டுப் பட்டு விசைகளுக்குக் கீழே பளபளத்திருந்தது. மூடியில் ஏதோ கம்பனியின் ஸ்டிக்கரைக் கிழித்த தடம். மற்றது புத்தம் புதுசு. மெல்லிசு, வெள்ளி நிறம், திரையில் பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கவில்லை. உள்ளே செலரோன், 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம். "படிக்கிற பிள்ளைக்குன்னா பழசை எடுங்க" என்று கடைக்காரப் பையனே சொன்னான். நான் கேட்கவில்லை.

எங்கள் காம்பராவுக்குப் புதுசாக எதுவும் வந்ததில்லை. தங்கச்சியாவது இன்னொருவர் கை படாத பொருளைத் திறக்கட்டும் என்று நினைத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியோடு நான் லயத்து வாசலுக்கு வருவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் கேட்கும் ஆகக்குறைந்த அளவே 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. இடமும்தான். நான் வாங்கியது சரியாக அந்த அடிமட்டம். அதில் பாதி இடத்தை விண்டோஸே பிடித்துக்கொண்டது, அப்டேட் வந்ததும் மிச்சமும் போனது. ரேம் போர்டோடு ஒட்டி வருகிறது, கூட்ட முடியாது. அவள் படித்ததோ பேராதனையில் புவியியல், வரைபட மென்பொருள் இல்லாமல் ஆகாது. என்ன பாடம், எதற்கு வேண்டும் என்று வாங்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

"அண்ணே, மேப்பைத் திறந்தா அப்படியே நிக்குது" என்று போன் எடுத்தாள்.

"படம் கிடம் இறக்கி நிரப்பி வச்சிருப்ப. ஒழுங்காப் பாவிக்கத் தெரியாதா?" என்றேன்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கே எனக்குக் காரணம் தெரியும். முதல் தடவை அவள் முறையிட்டபோதே விடுதிக் கணினியில் தேடிப் படித்துவிட்டேன். தெரிந்துகொண்டே பழியை அவள்மேல் போட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அறைத் தோழி தூங்கிய பிறகு அவளுடைய மெஷினை வாங்கி விடிய விடிய அசைன்மென்ட் செய்திருக்கிறாள். அந்தத் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது.

தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காப்பு அடகில் கிடக்கும்போது எந்த முகத்தோடு சொல்வது என்று தள்ளிப்போட்டு வந்தேன். இதை எழுதி முடித்ததும் அவருக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டப் போகிறேன்.

இந்த வருடம் கெம்பஸ் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பழசு என்பதற்காக ஒன்றை ஒதுக்காதீர்கள். பெட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விண்டோஸிலேயே ரிப்போர்ட் எடுக்கலாம், கடையில் வைத்தே எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் யோசியுங்கள். அதே துறையில் படிக்கும் மூத்த மாணவர்களிடம் என்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். கடைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னைப் போன்ற அண்ணனிடம் மட்டும் காசைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.