கல்வெட்டு இலாகா

மத்திய அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து நாகபுரிக்கு வந்த புதிதில், நாம் ஊருக்கு ஒரு கடிதம் எழுதினோம். சாலைப் பணிகளைக் கவனிக்கும் அலுவலகம் என்றும், நம் மேசைக்கு வருபவை பெரும்பாலும் 'கல்வர்ட்' பற்றிய கோப்புகள் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தோம். நாமக்கல்லை அடுத்த சிற்றூரில் அதைப் படித்த நம் தந்தையார், மகனுக்குக் கல்வெட்டு இலாகாவில் வேலை என்று ஊர் முழுதும் சொல்லிவிட்டார். நாம் பி.ஏ. வகுப்பில் வரலாறு பயின்றிருந்தமையால் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. அடுத்த விடுமுறையில் ஊர் சென்றபோது, பழைய தலைமையாசிரியர் நம்மைச் சிவன் கோயிலுக்கு அழைத்துச் சென்று, மதிற்சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துக் காட்டச் சொன்னார். உண்மையைக் கூறினோம். "சாக்கடைப் பாலத்துக்கா பி.ஏ. படித்தாய்?" என்று அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. சாலை வேலை செய்யும் நம் ஊர் மக்களும் சிறுபாலத்தைக் 'கல்வெட்டு' என்றே வழங்குகின்றனர் என்பது பிறகுதான் தெரிந்தது. தந்தையார் முற்றிலும் தவறிவிடவில்லை.

நமது துறைக் கணக்கில் 6 மீட்டர் நீளம் வரை இருப்பது கல்வர்ட். அதற்கு மேல் 60 மீட்டர் வரை சிறிய பாலம். அதையும் கடந்தால் பெரிய பாலம். பெரிய பாலத்துக்குப் பெயர் உண்டு, திறப்பு விழா உண்டு, பளிங்குப் பலகையும் உண்டு. சிறுபாலத்துக்கு எண் மட்டுமே. சுண்ணாம்பு அடித்த கைப்பிடிச் சுவரில் 57/3 என்று கறுப்பு மையில் எழுதியிருப்பார்கள். 57ஆம் கிலோமீட்டரில் மூன்றாவது என்று பொருள். கோடை விடுமுறைக்குச் சாலை வழியே ஊர் செல்லும் அன்பர்கள் இத்தகைய எண்களை நூற்றுக்கணக்கில் கடந்திருப்பர்; படித்திருக்க மாட்டார்கள்.

நாம் வளர்ந்த ஊரிலும் அப்படி ஒன்று இருந்தது. கருங்கல்லால் வளைவாகக் கட்டிய பழம்பாலம். அதன்மேல் சென்ற சாலைக்கு அப்போது எண் 7, இன்று 44. நாகபுரியின் வழியே செல்வதும் அதே சாலைதான் என்பதை இங்கு வந்தபின் அறிந்தபோது ஏனோ ஓர் ஆறுதல் உண்டாயிற்று. மழைக்காலத்தில் முதல் வெள்ளம் வந்தவுடன் அந்தப் பாலத்தடியில் சிறுவர் கூட்டம் கூடிவிடும். புதுத்தண்ணீருக்கு மீன் ஏறும் அல்லவா? அயிரையும் கெண்டையும் நீரை எதிர்த்துக்கொண்டு, பாலத்தின் நிழலுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளிப்பட்டு ஏரியை நோக்கிச் செல்லும். மேலே ஆழம் குறைந்த நீரில் முட்டையிடுவதற்காகவே அவை செல்கின்றன என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டது.

தெரிந்திருந்தும் செய்த பிழை ஒன்றைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

2007ஆம் ஆண்டு நம் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. நாகபுரிக்கு வடக்கே காட்டோரமாகச் செல்லும் ஒரு கிளைச் சாலையில், 3 மீட்டர் அகலமுள்ள பழைய கல் வளைவு விரிசல் கண்டுவிட்டது, மாற்றியாக வேண்டும். இரண்டு மதிப்பீடுகள் இருந்தன. ஒன்று, பெட்டி வடிவச் சிறுபாலம். மற்றொன்று, 900 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு ஹியூம் குழாய்களைப் புதைத்து மேலே மண்ணைக் கொட்டிவிடுவது. (கான்கிரீட்டைச் சுழற்றியே குழாய் வார்க்கும் முறையை 1910இல் கண்டறிந்த ஹியூம் என்ற ஆஸ்திரேலியரின் பெயரே அக்குழாய்க்கு. நம் நாட்டில் அவர் பெயர் புதையாத ஊரே இல்லை!) இடத்தைப் பார்வையிட்டது ஏப்ரலில். 'நாலா வறண்டுள்ளது' என்று ஆய்வுக் குறிப்பு கூறியது. நாம் கோப்பில் எழுதினோம்: "இந்த ஓடையில் குறிப்பிடத்தக்க நீரோட்டம் இல்லை. செலவு குறைந்த குழாய் அமைப்பைப் பரிந்துரைக்கலாம்." கீழே கையொப்பம். மேலதிகாரிகள் அனைவரும் ஒப்புக்கொண்டனர். சேமித்துக் கொடுத்த தொகையை எண்ணி நமக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

2009 ஜூலையில் குடும்பத்துடன் அதே சாலையில் பேருந்தில் செல்ல நேர்ந்தது. இரவு முழுதும் பெய்த மழையில் சாலை அறுந்துவிட்டது என்று ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பார்த்தோம். கைப்பிடிச் சுவரில் நாம் நன்கறிந்த எண்.

குழாய்களின் வாயில் மரக்கிளைகளும் சருகும் அடைத்துக்கொண்டிருந்தன. வழியில்லாத வெள்ளம் சாலைமேல் ஏறி, ஒரு பக்கத்து மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. மறுபக்கம்தான் நம்மை நிற்கவைத்தது. 3 மீட்டர் அகலத்தில் பரந்து வந்த நீரை இரண்டு துளைகளுக்குள் நெருக்கினால் அதன் வேகம் கூடத்தானே செய்யும்? குழாயிலிருந்து பாய்ந்த நீர் இரண்டு மழைக்காலங்களில் ஓடையின் தரையைத் தோண்டிப் பள்ளமாக்கிவிட்டது. குழாயின் வாய் இப்போது நீர்மட்டத்துக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் தொங்கியது. பள்ளத்தில் விரல் நீள மீன்கள் கூட்டமாகத் துள்ளின, குழாயின் உதட்டில் மோதின, விழுந்தன, மீண்டும் துள்ளின. ஒன்றுகூட உள்ளே சென்றதாகத் தெரியவில்லை.

அருகில் ஒரு கோண்டு முதியவர் வேட்டியை வலையாக்கி மீன் வாரிக்கொண்டிருந்தார். "முன்பெல்லாம் மேலே குளம்வரை போய்த் தேடுவோம். இப்போது இங்கேயே கிடைக்கிறது, பாபுஜி" என்று இந்தியில் கூறிச் சிரித்தார். சற்றுப் பொறுத்து, "மேலே எதுவும் வருவதில்லை. இன்னும் எத்தனை வருஷம் இப்படிக் கிடைக்கும்?" என்றார். பழைய வளைவின் அடியில் கோடையில் பன்றியும் மானும் போகும் என்றும், செந்நாய்களும் அவ்வழியே போனதுண்டு என்றும், இப்போது எல்லாம் சாலைமேல் ஏறித்தான் கடக்கின்றன என்றும் அவரே சொன்னார். புலியைப்போலவே செந்நாயும் உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்ட விலங்கு. நம் கோப்பில் அதற்கென்று ஒரு கட்டம்கூட இருந்ததில்லை.

அன்றிரவு நம் துணைவியாரிடம் அந்தக் குறிப்பு யார் எழுதியது என்பதைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்று எழுதுவதானால், நம் ஊர்க் காவேரியையும் அப்படித்தானே எழுதியிருப்பீர்கள்?" என்றார்.

இவ்வளவு சிறிய பொருளைப் பற்றி யார் கவலைப்படுவார் என்று தோன்றலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதற்காகவே ஒரு வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே சால்மன் மீன்கள் கடலிலிருந்து தாம் பிறந்த ஓடைக்குத் திரும்பி வந்து முட்டையிடுபவை. வழியில் சாலையடிக் குழாய்கள் தொங்கிக்கொண்டிருந்தால் அவற்றின் பயணம் அங்கேயே முடிந்துவிடும். 1850களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது மீன்பிடிக்கும் உரிமையை உடன்படிக்கையில் எழுதி வாங்கியிருந்த தொல்குடியினர், 21 குலங்களாகச் சேர்ந்து 2001இல் நீதிமன்றம் சென்றனர். மீனே வராவிடில் பிடிக்கும் உரிமைக்கு என்ன பொருள் என்பது அவர்கள் வாதம். 2013இல் அக்குழாய்களை மாற்றுமாறு நீதிமன்றம் மாநில அரசுக்குக் கட்டளையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி விலகியிருந்தமையால் எண்மரே அமர்ந்தனர். நால்வர் இப்பக்கம், நால்வர் அப்பக்கம். ஆகவே கீழ்த்தீர்ப்பே நிலைத்தது. நூறாண்டு கழித்துப் பேரனுக்குப் பயன்படுமாறு ஒரு வரியை எழுதி வாங்கிய அந்த முதியவர்களை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. எழுத்து வேலை செய்பவனுக்கு அது தோன்றத்தானே செய்யும்.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. நாகபுரியிலிருந்து சியோனிக்குச் செல்லும் நம் 44ஆம் எண் சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்கிறது. அதை நான்கு தடமாக அகலப்படுத்தும் திட்டம் காட்டைப் பிளந்துவிடும் என்ற எதிர்ப்பால் நெடுங்காலம் இழுபறியில் கிடந்தது. இறுதியில் மகாராஷ்டிரப் பகுதியில் 4 சிறிய பாலங்களும் 5 கீழ்வழிகளும் விலங்குகளுக்கென்றே அமைக்கப்பட்டன. அவற்றில் மிக நீளமானது 750 மீட்டர். தேராதூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தார் 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை அவற்றின் அடியில் தானியங்கிப் படக்கருவிகளைப் பொருத்திப் பார்த்தனர். 18 வகைக் காட்டு விலங்குகள் பதிவாயின. 11 புலிகள் மொத்தம் 89 முறை கடந்திருந்தன. மேலே லாரிகள் ஓட, கீழே புலி நடந்து செல்லும் படத்தைச் செய்தித்தாளில் கண்டு மகிழ்ந்தவர்களுள் நாமும் ஒருவர். ஆயினும் நம் மனத்தில் ஒரு குறை உண்டு. பெரிய பாலத்துக்குப் படக்கருவி கிடைத்தது. கிளைச் சாலைகளில் எண் மட்டுமே உள்ளவற்றுக்கு இன்னும் ஏப்ரல் மாதத்து ஆய்வுதான்.

2024இல் அந்தப் பழைய கோப்பு மீண்டும் வந்தது. குழாய்கள் உடைந்துவிட்டன, மாற்ற வேண்டும். இம்முறை இளம் மராத்தியப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு ஒரு குறிப்பை எழுதினோம். நீர் கரைபுரளும் அகலத்தைவிடப் பாலம் குறுகலாகாது. பெட்டியின் தளம் ஓடைத் தரைக்கு ஓரடிக்குமேல் தாழ்ந்திருந்து, அதன்மேல் ஓடையின் மணலும் கூழாங்கல்லுமே பரவ வேண்டும். ஓரத்தில் விலங்கு நடக்க ஈரமில்லாத் திண்டு வேண்டும். நீர் வற்றிய பின்னரே வேலை தொடங்க வேண்டும். புதுச் சிமெண்டைக் கழுவிய நீர் மீனுக்கு நஞ்சாதலின், அது ஓடையில் கலக்கலாகாது. இவை அனைத்துக்கும் முன்னதாக, ஆகஸ்டில் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

கோப்பு 'பேசுக' என்ற ஒற்றைச் சொல்லுடன் திரும்பியது. சென்றோம். "செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறதே! எழுத்தருக்கு மீனைப் பற்றி என்ன கவலை?" என்று மேலதிகாரி கேட்டார். இதே கோப்பின் பழைய பக்கங்களில் 2007ஆம் ஆண்டுக் குறிப்பைப் பார்க்குமாறு வேண்டினோம். புரட்டினார். கையொப்பத்தைப் பார்த்தார்; நம்மைப் பார்த்தார். ஒன்றும் கூறாமல் ஆகஸ்டு ஆய்வுக்கு ஒப்புதல் எழுதினார். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

ஆய்வு நாளன்று நாமும் உடன் சென்றோம். எழுத்தர் செல்லும் வழக்கமில்லை. முழங்கால் அளவு நீரில் பொறியாளர் ஒரு கரையிலும் நாம் மறு கரையிலும் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கணுக்காலில் ஏதோ சிறியது உரசிச் சென்றது. "5.20" என்று அவர் குரல் கொடுக்க, நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். தூறலில் மை பரவிவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் அதைத் திருத்தமாகப் படியெடுத்து, கையொப்பமிட்டு, கோப்பில் சேர்த்தோம்.