எஃப்டெல் சொல்லும் இடம்

சி மொழியில் கோப்பைப் படித்துக்கொண்டு போகும்போது ‘இப்போது எங்கே நிற்கிறோம்’ என்று கேட்பதற்கு எஃப்டெல் இருக்கிறது. அது தரும் எண் எப்படி வருகிறது என்பதை ஓடும் புரோகிராமிலேயே பார்த்துவிட லினக்ஸ் டெர்மினலில் உட்கார்ந்தேன். கையில் வரிக்கொரு தமிழ்ச் சொல்லாக நீளும் யூடிஎஃப்-8 கோப்பு. முதல் வரி ‘அம்மா’.

எஃப்கெட்ஸ் அந்த வரியைப் படித்து முடித்ததும் எஃப்டெல் 16 என்றது. கண்ணுக்கு மூன்றே எழுத்துதான். உள்ளே அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், வரிமுடிவுக்கு இன்னொன்று. எஃப்டெல் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டைத்தான் எண்ணுகிறது. படிக்கும் இடத்தை மாற்றும் எஃப்சீக்கிடம் 1 என்று கொடுத்துப் படித்துப் பார்த்தேன். ‘அ’வின் நடுவில் போய் விழுந்தது, திரையில் முதலில் உடைந்த குறிகள், பிறகு ‘ம்மா’. விண்டோஸில் டெக்ஸ்ட் முறையில் வரிமுடிவின் இரண்டு பைட் ஒன்றாகச் சுருங்குவதால் கணக்கு இன்னும் குழம்பும். எனவே இடத்தை நாமே கணக்குப் போடாமல், எஃப்டெல் முன்பு தந்த எண்ணையே எஃப்சீக்கிடம் திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

அடுத்து அதே புரோகிராமை, கர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸில் ஓட்டினேன். நான் பார்க்க வந்தது இங்கேதான் இருந்தது. ஒரு வரி கேட்டதற்கு, சி நூலகம் கர்னலிடம் 4096 பைட்டை மொத்தமாக வாங்கி பஃபரில் போட்டுக்கொண்டது. எஃப்டெல்லை அழைத்ததும் எல்சீக் என்ற அழைப்பு கர்னலுக்குப் போனது. வந்த பதிலும் 4096. கர்னலின் கணக்கில் அவ்வளவும் படித்தாகிவிட்டது. பஃபரில் நாம் தொடாமல் கிடப்பது 4080 பைட். அதைக் கழித்துவிட்டு 16 என்கிறது எஃப்டெல். ஆக ஒரே கோப்புக்கு இரண்டு இடங்கள். எஃப்கெட்ஸையும் நேரடி ரீட் அழைப்பையும் கலந்து எழுதினால் நடுவில் வரிகள் காணாமல் போவது இதனால்தான். சி படிக்கும் ஒவ்வொருவரும் இந்தத் திரையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பிறகு கோப்பை கேட் வழியாகப் பைப்பில் அனுப்பினேன். எஃப்டெல் -1 என்றது. பிழைச் செய்தி தரும் பெர்ரர் ‘இல்லீகல் சீக்’ என்று அச்சிட்டது. பைப்பில் ஓடிப்போன பைட்டுக்குத் திரும்ப வழியில்லை. கோப்பின் அளவு தெரிய வேண்டுமென்றால் கடைசிக்குப் போய், எஃப்டெல் தந்ததோடு 1 கூட்டி, அவ்வளவு நினைவகத்தை மாலக்கிடம் கேட்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. -1 வந்தால் கேட்கும் நினைவகம் 0 பைட். அதே -1 எஃப்ரீடுக்கு அளவாகப் போனால், குறியில்லா எண்ணாக மாறி ராட்சத அளவாகிவிடும். நமக்குச் சொந்தமில்லாத நினைவகத்தின் மேல் தரவு எழுதப்படும். இதைத் தடுப்பது, வந்தது -1-ஆ என்று பார்க்கும் ஒரே ஒரு இஃப் வரி. அதை விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கடைசியாகப் பெரிய கோப்பு. எஃப்டெல் தருவது லாங் எண். 64-பிட் லினக்ஸில் அது 8 பைட், கவலையில்லை. ஆனால் விண்டோஸில், அது 64-பிட்டாக இருந்தாலும், லாங் 4 பைட்தான். 2147483647-க்கு மேல் அதனால் சொல்ல முடியாது. 5 ஜிபி அளவில், உள்ளே எதுவும் எழுதாத கோப்பு ஒன்றை உண்டாக்கி, புரோகிராமை லினக்ஸிலேயே 32-பிட்டாகக் கம்பைல் செய்து ஓட்டினேன். எஃப்டெல் வரைக்கும் போகவே இல்லை, எஃப்ஓபனே கோப்பைத் திறக்க மறுத்தது. கோப்பு இடத்துக்கு 64 பிட் என்று கம்பைலரிடம் அறிவித்து, எஃப்சீக்கோ, எஃப்டெல்லோ என்ற போசிக்ஸ் ஜோடிக்கு மாற்றியதும் 5368709120 என்று முழு எண்ணும் வந்தது.