முள்ளெலிக்கு எதுக்கு 20.50 லட்சம்?



2025-ல் தமிழக அரசு, அதிகம் பேசப்படாத 4 உயிரினங்களைக் காப்பாற்ற 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்குக்கு 48.50 லட்சம், முள்ளெலிக்கு 20.50 லட்சம், மகசீர் மீனுக்கு 17 லட்சம், கழுதைப்புலிக்கு 14 லட்சம். இதைப் பார்த்துவிட்டு என் தம்பி மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "எலிக்குப் போய் 20 லட்சமா அத்தை? பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கலாமே" என்று கேட்டான். டீச்சர் வீட்டுப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான். பதில் நீளமானது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், முள்ளெலி எலியே இல்லை. அது பூச்சிகளைத் தின்று வாழ்வது. மூஞ்சூறுக்குத்தான் கிட்டத்து உறவு. தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. முள்காடு, தேரி மணல், பனங்காடு என்று நம் வறண்ட சீமைதான் அதற்கு வீடு. தொட்டால் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும். நாய், நரியிடமிருந்து தப்பிக்க அது போதும். ராத்திரியில் வரும் கார் டயரிடம் அது பலிக்காது.

இனி பணத்துக்கு வருவோம். நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு 2022-ல் தொடங்கிய திட்டத்தின் மதிப்பு சுமார் 25 கோடி. அதோடு ஒப்பிட்டால் முள்ளெலிக்குக் கொடுத்தது சில்லறை. சரி, யாருக்கு எவ்வளவு என்று எதை வைத்து முடிவு செய்வது?

உலக அளவில் ஒரு சிவப்புப் பட்டியல் இருக்கிறது. எந்த உயிர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்வது அது. அதன்படி கூன்முதுகு மகசீர் மிகக் கடுமையான ஆபத்தில் இருக்கிறது. முள்ளெலியோ கவலை குறைந்த வரிசையில். அப்படியிருந்தும் மீனைவிட முள்ளெலிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. காரணம், பட்டியல் ஆபத்தைத்தான் சொல்லும். என்ன செய்தால் பிழைக்கும், அதற்கு எவ்வளவு செலவாகும், பலன் கிடைக்குமா என்பதையெல்லாம் தனியாகப் பார்க்கவேண்டும். நியூசிலாந்தில் இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரிசைப்படுத்தும் முறையே வைத்திருக்கிறார்கள். ஆபத்தில் முதலில் இருப்பது, அந்த வரிசையில் முதலில் வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 45 பிள்ளைகள், ஒரு டீச்சர். அதிகாரி பார்வையிட வரும் நாளில் கணீரென்று வாசிக்கும் நாலு பேரை முன்னால் நிறுத்தினால் வகுப்புக்கு நல்ல பேர். எழுத்துக்கூட்டவே தெரியாத ஒரு பிள்ளையோடு தினமும் ஒரு மணி நேரம் உட்காரலாம். அல்லது, கொஞ்சம் தூக்கிவிட்டால் வாசித்துவிடும் பத்துப் பேரைக் கவனிக்கலாம். மூன்றுமே நியாயம்தான். ஆனால் பீரியடு ஒன்றுதான். இதற்கெல்லாம் அப்பால் கடைசி வரிசையில் சத்தமே போடாத ஒரு பிள்ளை இருக்கும். அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்றே யாருக்கும் தெரியாது. முள்ளெலி அந்தப் பிள்ளை. யானை, புலிக்குக் கணக்கெடுப்பு உண்டு. இது எங்கே, எத்தனை இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகுதான் வைத்தியம்.

தம்பி மகனுக்கு இன்னொன்றும் சொன்னேன். 20.50 லட்சம் மாநிலத்துப் பள்ளிகளுக்கு எந்த மூலைக்குக் காணும்? யாருமே தேடிப்போகாத ஓர் உயிரைத் தேட அது நல்ல தொடக்கம்.

ஆனாலும் பணத்தால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. வனத்துறையின் கை காட்டுக்குள்தான் நீளும். முள்ளெலி பெரும்பாலும் வாழ்வது பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும். நாம் "சும்மா கிடக்கிற தரிசு" என்று சொல்கிற இடம்தான் அதன் ஊர். அங்கே பிளாட் போட்டுக் கல் ஊன்றினால், எந்த நிதி வந்தும் பிரயோஜனமில்லை.

நம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். வல்லூறு, எறும்புத்தின்னி, தேவாங்கு எல்லாம் இருக்கிற மலை. 2024 நவம்பரில் அந்த இடமும் சேர்ந்த பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது தெரியவந்தது. ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மலையை எந்தக் கோடியும் காப்பாற்றவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் காப்பாற்றியது.

முள்ளெலிக்கு அப்படித் தெரிந்த ஊர் இன்னும் அமையவில்லை. அந்தக் காலத்தில் கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைக் கருக்கிக் கொடுப்பார்கள். தடுப்பூசி வந்த பிறகு அது தேவையே இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இன்னும் தேடினால் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். ஊர்ப்பக்கம் ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானமாக வாருங்கள்.

உங்கள் ஊரில் முள்ளெலியைப் பார்த்தவர்கள் இருந்தால், எந்த ஊர், எந்த வருஷம் என்று கீழே எழுதுங்கள். பிடிக்கவேண்டாம், தொடவேண்டாம். என் தம்பி மகன் அதைத் தொகுத்து வனத்துறைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். கேள்வி கேட்டவனுக்கே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்