கீற்றின் சுவர்

அன்பு மகளுக்கு,

கெம்பஸில் சித்திரம் படிக்க இடம் கிடைக்கவில்லை என்றதும் கலர்ப் பெட்டியைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுத்தான் நீ கொழும்புக்கு வேலைக்குப் போனாயாம். அக்கா சொன்னா. கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

ஜோர்ஜ் கீற் என்று ஒருவர். 1901 இல் கண்டியில் பிறந்த பறங்கியர். எந்த ஓவியப் பள்ளியிலும் அவர் படிக்கவில்லை. ஓவியத்தில் இறங்கியதே 26 வயதில்தான். உனக்கு அதற்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு! பிக்காசோவின் உடைந்த கோடுகளை எடுத்தார். அந்தக் கோடுகளுக்குள் ராதையையும் கண்ணனையும் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்களின் காதலைப் பாடும் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். தன் கையால் வரைகிறதற்காக ஒரு காவியத்தையே வரிவரியாகப் படித்த மனிதர் என்றுதான் நான் அவரை நினைக்கிறேன்.

ஆனால், தானாகக் கற்றவர் தனியாகக் கிடந்தார் என்று எண்ணாதே, மகள். புகைப்படக்காரரும் பியானோக் கலைஞருமான லயனல் வென்ட் அவருக்குத் துணை. சிலி நாட்டுத் தூதரக வேலையாகக் கொழும்பில் இருந்த கவிஞர் பாப்லோ நெருடாவும் சிநேகிதர். 1943 இல் வென்ட் வீட்டில் கூடியவர்கள்தான் பிறகு '43 குழு' என்ற ஓவியர் குழு ஆனார்கள். அதில் ஜோர்ஜ் கிளாசனை நீ கட்டாயம் அறிய வேண்டும். கொழும்புத் துறைமுகத்தில் வரைபடம் கீறும் உத்தியோகம் பார்த்தபடியே ஓவியம் வரைந்தவர். அவருக்கும் குரு இல்லை. சம்பள வேலை கையைக் கட்டிப்போடும் என்று நீ சொல்வாய், அதனால்தான் அவரை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பொரளையில் கோதமி விகாரைக்குப் போ. செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை உடுப்போடு போ. புத்தரின் வாழ்க்கையை 1939–40 இல் கீற் அங்கே சுவரெல்லாம் வரைந்திருக்கிறார். ஒரு தோளிலிருந்து விரல்வரை கோடு எப்படி அறுபடாமல் ஓடுகிறது என்று கிட்ட நின்று பார். பிறகு பார்ன்ஸ் பிளேஸுக்குப் போ, தூரமில்லை. 43 குழு ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடுதான் இப்போது சபுமல் நிலையம். அந்தக் குழுவின் படங்கள் அங்கே சாதாரண வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. உள்ளே போகக் கூச்சப்படாதே.

பெட்டியை அக்காவிடம் கேட்டு வாங்கிவிட்டேன். பொத்துவிலிலிருந்து வரும் இரவு பஸ்ஸில், தெரிந்த பொடியனிடம் கொடுத்துவிடுகிறேன். வெள்ளை தீர்ந்துபோய்க் கிடக்கு, அதை மட்டும் நீ அங்கே வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா
கோமாரி